உப்பு ஐஸ் குடித்த கை

ராத்தாவிடம் போகிறபோக்கில் ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டுத் தப்ப முடியாது. புத்தளத்திலிருந்து கற்பிட்டிக்கு வரும் தனியார் பஸ்ஸில் ஒருநாள் நடந்ததை நானே பார்த்தேன். பாலாவியில் ஏறியவர்களைப் பார்த்து நடத்துநர் வழக்கம்போலக் கத்தினார்: "பின்னுக்குப் போங்க, பின்னுக்கு மிச்சம் இடம் இரிக்கி!" ராத்தா பின்னுக்குப் போனார். அங்கே ஒரு கால் வைக்க இடமில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னுக்கே திரும்பி வந்தார்.

"இடம் இரிக்கி எண்டீங்க. எங்க எண்டு காட்டுங்க."

"என்ன ராத்தா, அது ஒரு கதைக்குச் சொல்றதுதானே."

"கதையில நான் எப்படிக் குந்துற?"

பஸ் முழுவதும் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. நுரைச்சோலை வரும்வரை அதே இடத்தில் நின்று நடத்துநரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் அந்த மனிதர் தன் ஆசனத்தை விட்டுக் கொடுத்தார்.

எங்கள் பக்கம் மூத்த சகோதரியை ராத்தா என்போம். கடற்கரையில் மீன் அடுக்கும் கொட்டகையான வாடியில் அவரோடு வேலை செய்தவர்களுக்கும், பக்கத்து வளவுக்காரனான எனக்கும், அவரைவிட வயதில் மூத்த சிலருக்கும்கூட அவர் ராத்தாதான். யாராவது, "இன்ஷா அல்லாஹ், நாளைக்குத் தாரன்" என்றால் மற்றவர்கள் அதை நாகரிகமான மறுப்பு என்று எடுத்துக்கொள்வார்கள். இவர் கேட்பார்: "அல்லாஹ்ட பேரச் சொல்லிட்டீங்க. நாளைக்கு எத்தின மணிக்கு?" அவருக்குப் பயந்தே சிலர் இன்ஷா அல்லாஹ் சொல்வதைக் குறைத்துக்கொண்டார்கள் என்று பள்ளிவாசலில் ஒரு பகிடி இருந்தது.

இந்தக் குணம் எங்கே தொடங்கியது என்பதை அவருடைய வாப்பா எனக்குச் சொன்னார். தொண்ணூறில் மன்னாரிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது ராத்தாவுக்கு ஒன்பது வயது. கடல் வழியாகக் கற்பிட்டியில் வந்து இறங்கிய குடும்பங்களில் அவர்களுடையதும் ஒன்று. தோணியில் ஏற மாட்டேன் என்று அழுத பிள்ளையிடம் வாப்பா, "ரெண்டு கிழமைல திரும்பிருவம் மகள்" என்றிருக்கிறார். எல்லா வாப்பாமாரும் அன்று அதைத்தான் சொன்னார்கள். பதினைந்தாம் நாள் காலையில் முகாமில் பிள்ளையைக் காணவில்லை. கடற்கரை வழியே வடக்கே நடந்து, குடாநாட்டில் நிலம் முடிந்து தண்ணீர் தொடங்கும் முனையில், துணி மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வலை இழுக்கப் போனவர்கள் என்ன என்று கேட்டபோது, "தோணி இன்னம் வரல்ல" என்றாராம்.

"தூக்கிட்டு வந்தன்" என்றார் வாப்பா. "அண்டையிலிருந்து நான் அவளுக்கு ஒண்டும் யோசிக்காமச் சொல்றல்ல."

யுத்தம் முடிந்து ஐந்தாறு வருடங்கள் சென்ற பிறகு நடந்ததை இப்போது எழுதுகிறேன். அந்தக் காலத்தில் நான் கொழும்புப் பத்திரிகை ஒன்றுக்குப் பிராந்திய நிருபராக இருந்தேன். இதில் எனக்கும் பங்குண்டு. அதையும் எழுதத்தான் போகிறேன்.

ராத்தா வேலை செய்த மீன் வாடி கடற்கரையிலேயே இருந்தது. ஒன்பது பெண்கள். நண்டு, இறால், மீன் என்று வருவதைப் பிரித்து எடையில்லாத வெள்ளை ரெஜிபோம் பெட்டிகளில் ஐஸ் போட்டு அடுக்குவார்கள். தூரத்துக்குப் போகும் பெட்டிகளுக்கு ஐஸோடு உப்பும் கலக்க வேண்டும். உப்புச் சேர்ந்த ஐஸ் வெறும் ஐஸைவிட மோசமாகக் குளிரும். லொறி கொழும்பு போய்ச் சேரும்வரை மீன் கெடாது. அடுக்கும் கைதான் கெடும். இந்த இரண்டாவது பாதியை அந்த வாடியில் யாரும் சொன்னதில்லை.

சொல்லாதது மட்டுமல்ல, அதைத் தலைகீழாகவே சொன்னார்கள். புதிதாக வரும் பெண் முதல் மாதங்களில் விரல் எரிந்து அழுவாள். இரண்டாம் மூன்றாம் வருடத்தில் அழமாட்டாள். விரல் நுனி வெளுத்து, மெழுகுபோலாகி, உணர்ச்சி போய்விடும். அதற்கு அவர்கள் வைத்திருந்த பெயர் 'உப்பு ஐஸ் குடித்த கை'. அது ஒரு பட்டம். வேறு வாடியிலிருந்து வேலை கேட்டு வரும் பெண்ணிடம் முதலாளி முதலில் சொல்வது, "கையக் காட்டுங்க" என்பதுதான். நுனி வெளுத்திருந்தால் வேலை உண்டு. ராத்தாவின் வலது கையில் நடுவிரலும் மோதிரவிரலும் அப்படி இருந்தன. பதினொரு வருட வேலை. வாடியில் அதைவிடப் பெரிய தகைமை எவருக்கும் இல்லை.

பெட்டிகளை மணலைக் கடந்து லொறிவரை கொண்டு போவதற்கு அவர் ஒரு வழி வைத்திருந்தார். தள்ளுவண்டியின் சில்லு மணலில் புதையும். அதனால் உடைந்த பைபர் படகொன்றின் அடிப்பகுதியை வெட்டி, முன்பக்கம் வளைந்த ஒரு தட்டாக்கி, அதில் பெட்டிகளை ஏற்றி, கயிற்றை இடுப்பில் கட்டி இழுப்பார். கரைவலை இழுப்பவர்கள் இடுப்பில் போடும் பட்டிதான். முன்னால் சாய்ந்து, சிறிய அடிகளாக, நிறுத்தாமல் நடப்பார். "நடுவுல நிண்டா மண் புடிச்சிரும்" என்பார்.

காற்றுக் காலத்தில் பட்டத்தைப் பிடித்துக் கடலில் சறுக்கி விளையாட வரும் வெளிநாட்டவர்களில் ஒரு பெண்மணி இதைக் கண்டார். மூன்று நாள் தொடர்ந்து வந்து பார்த்தார். நான்காம் நாள் மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டார்கள். உலகத்தின் வட உச்சிக்கு அருகில், உறைந்த கடலின்மேல், மூன்று பேர் கொண்ட அணிகள் தங்கள் உணவையும் கூடாரத்தையும் சறுக்குத் தட்டில் இழுத்துக்கொண்டு நாட்கணக்கில் நடக்கும் ஒரு போட்டி. பனியே காணாத நாடுகளின் பெண்களைக் கொண்டு அந்த அம்மையார் ஓர் அணி சேர்க்கிறார். இலங்கையிலிருந்து ஒருவர் வேண்டும். "நீங்கள் செய்துகொண்டிருப்பது அதே வேலைதான். அங்கே மணலுக்குப் பதில் பனி" என்றார்.

ராத்தா ஒரு கேள்விதான் கேட்டார். "போனா எத்தின நாள்ல திரும்புற?"

பயணத்தோடு சேர்த்து இரண்டு கிழமை என்று பதில் வந்தது. அன்று மாலை வேலியோரத்தில் நின்று அவர் வாப்பாவிடம், "ரெண்டு கிழமைல திரும்பிருவன் வாப்பா" என்று சொன்னது எனக்குக் கேட்டது.

ஏன் ஒப்புக்கொண்டீர்கள் என்று பத்திரிகைக்காகக் கேட்டேன். புகழ், நாடு, கொடி என்று ஏதாவது வரும் என்று பேனாவோடு காத்திருந்தேன். அவர் சொன்னார்: "போற இடத்தையும் திரும்புற நாளையும் தெரிஞ்சுகிட்டு ஒருக்காப் போய்ப் பாக்கணும் தம்பி." அதை நான் எழுதவில்லை. கொடியைத்தான் எழுதினேன்.

பயிற்சி ஐந்து மாதம் நடந்தது. கொழும்பிலிருந்த ஒருங்கிணைப்பாளர் மெடம் ஒரு அட்டவணை அனுப்பினார். அதோடு இடுப்புப் பட்டி, சப்பாத்து, தடித்த அங்கி, உறங்கும் பை, கண்ணாடி, ஒரு சோடி உரோமக் கையுறை. அட்டவணையில் இருந்த எல்லாவற்றையும் ராத்தா எழுத்துப் பிசகாமல் செய்தார். இரண்டு லொறி டயர்களைக் கட்டி இழுக்க வேண்டும் என்றிருந்தது, இழுத்தார். கற்பிட்டிக் கடற்கரையில் கழுதைகள் தம் பாட்டில் மேயும் இடத்தில் அவர் டயர் இழுத்துப் போவதைக் கண்டு வலைகாரர்கள் கூப்பிட்டுச் சொல்வார்கள்:

"ராத்தா, கழுதையெல்லாம் சும்மா நிக்குது, பாவம் நீங்க இழுக்கிறீங்க!"

"அதுகள ஒருத்தரும் கூப்பிடல்லையே. என்னத்தானே கூப்பிட்டாங்க."

ஒரு நாளைக்கு ஐந்து வேளை சாப்பிட்டு உடல் எடையைக் கூட்ட வேண்டும் என்றிருந்தது. தேங்காய்ப்பால் கஞ்சியும் நெய்யும் பேரீச்சம்பழமுமாகக் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார். வியர்க்கக் கூடாது, வியர்வை உறைந்தால் ஆபத்து என்று ஒரு வரி இருந்தது. உடனே என் தொலைபேசியில் மெடத்தைப் பிடித்தார். "இங்க மூச்சு விட்டாலே வேர்க்குது மெடம். வேர்க்காம எந்த நேரத்துல இழுக்கிற எண்டு சொல்லுங்க." கடைசியில் ராத்தாவே விடியற்காலைச் சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு, கடற்காற்று குளிராக இருக்கும் ஒரு மணித்தியாலத்தைக் கண்டுபிடித்து அதற்குள் இழுத்தார். பிறகு வாடிக்குப் போய் எட்டு மணித்தியாலம் ஐஸ்.

கையுறையோடு முடிச்சுப் போட, அடுப்பு மூட்ட, கூடாரத்தின் கொக்கி மாட்டப் பழக வேண்டும். வீட்டு வாசலில் உட்கார்ந்து, நண்டு வலை நூலை அந்தப் பெரிய கையுறைகளோடு முடிந்து முடிந்து அவிழ்த்துக்கொண்டிருப்பார். ஊர் எதிர்க்கும் என்று மெடம் பயந்திருந்தார். அதை எதிர்பார்த்து நான்கூட ஒரு செய்திக்குத் தலைப்பு யோசித்து வைத்திருந்தேன். ஊர் எதிர்க்கவில்லை. பள்ளி நிர்வாகத்து ஹாஜியார் ஒருவர் மட்டும் வழியில் நிறுத்திக் கேட்டார்:

"அங்க பொழுதே படாதாமே பிள்ள, மஃரிப எப்பத் தொழுவ?"

ராத்தா நேரே மௌலவியிடம் போய்க் கேட்டு, ஒழுங்காகப் பொழுது படும் கிட்டிய ஊரின் நேரத்தைப் பின்பற்றலாம் என்ற பதிலை வாங்கி, ஹாஜியாரின் கடைக்கே போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

இரண்டாம் மாதம் அணியின் விளம்பரத்துக்குப் படம் எடுக்க ஆட்கள் வந்தார்கள். டயரோடு எடுத்தார்கள், கடலோடு எடுத்தார்கள். பிறகு வாடிக்குள் வந்து, ஐஸ் பெட்டிக்குள் கையை விடச் சொன்னார்கள். ராத்தா கையுறை போட்டுக்கொண்டு வந்தார். "கழற்றச் சொல்லுங்க, வெறுங்கை தெரிய வேண்டும்" என்றார் படம் எடுத்தவர். நான் மொழிபெயர்த்தேன். வெளிச்சம் சரியாக வரும்வரை அந்தக் கை உப்பு ஐஸுக்குள் இருந்தது. வெளுத்த இரண்டு விரல்களும் படத்தில் மிக நன்றாக விழுந்தன.

மருத்துவப் பரிசோதனை ஐந்தாம் மாதம், கடற்கரை விடுதி ஒன்றில் நடந்தது. கொழும்பிலிருந்து ஒரு வைத்தியர், மெடம், அந்த வெளிநாட்டுப் பெண்மணி. வாடிப் பெண்கள் நால்வர் ராத்தாவுக்குத் துணையாக வந்து சுவரோரம் நின்றார்கள். நெஞ்சு, சுவாசம், முழங்கால் எல்லாம் பார்த்தாயிற்று. வைத்தியர் சந்தோஷமாகத் தலையாட்டிக்கொண்டே வந்தார். கடைசியில், குளிரைத் தாங்குவது எப்படி என்று கேட்டார்.

ராத்தா வாயைத் திறக்குமுன்பே சுவரோரத்திலிருந்து பதில் வந்தது.

"அவட கைக்குக் குளிரே தெரியாது டொக்டர்! உப்பு ஐஸ் குடிச்ச கை அது!"

"அரை மணித்தியாலம் உள்ளுக்க வச்சிருப்பா, முகம் சுளிக்க மாட்டா!"

"காட்டுங்க ராத்தா, காட்டுங்க!"

நான் அதை அப்படியே மொழிபெயர்த்தேன். அப்படியேகூட இல்லை, கொஞ்சம் அழகுபடுத்தினேன். எங்களுக்கு அது வெற்றிச் சான்றிதழ். ராத்தா கையை நீட்டினார்.

வைத்தியர் நடுவிரலைப் பிடித்துப் பார்த்தார். பையிலிருந்து ஓர் ஊசியை எடுத்து நுனியில் தொட்டார். ராத்தா ஜன்னல் வழியே கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். வைத்தியர் இன்னும் கொஞ்சம் அழுத்தினார். ஒரு சிறு பொட்டு இரத்தம் வந்தது. ராத்தா இன்னும் கடலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். சுவரோரம் நின்றவர்கள் பெருமையில் சிரித்தார்கள். வைத்தியர் சிரிக்கவில்லை என்பதை முதலில் கவனித்தது ராத்தாதான்.

"ஏன் டொக்டர்?"

அவர் விளக்கினார். இது பழக்கமல்ல, காயம். குளிர் இந்த விரல்களின் நரம்பையும் இரத்தக் குழாயையும் ஏற்கெனவே கெடுத்துவிட்டது. வடக்கே போனால் முதலில் உறைவது இவைதான். உறைவது இவருக்குத் தெரியவும் தெரியாது. விரலையே எடுக்க வேண்டிவரலாம். இந்தக் கை இனிமேல் குளிரில் படவே கூடாது.

ராத்தா என்னைப் பார்த்தார். "எந்தக் குளிர்லயும் படக் கூடாதா எண்டு கேளு தம்பி."

"எந்தக் குளிரிலும்" என்றார் வைத்தியர்.

"இன்னொருக்காக் கேளு."

கேட்டேன். அதே பதில். சுவரோரம் நின்ற நால்வரும் தங்கள் விரல்களைப் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள்.

வைத்தியர்மேல் எனக்குக் கோபமில்லை. அவர் சொன்னது சரி. பதினொரு வருடங்களில் அந்தக் கையைப் பிடித்துப் பார்த்து அது காயம் என்று சொன்ன முதல் மனிதர் அவர்தான். அதைச் சொல்ல ஒருவர் இங்கே வருவதற்கு உலகத்தின் உச்சியில் ஒரு போட்டி நடக்க வேண்டியிருந்தது என்பதுதான் எனக்கு ஆறவில்லை. அதுவும் அந்தக் கையைக் காப்பாற்ற அல்ல, கழித்துவிட.

ராத்தாவுக்குப் பதிலாகக் கொழும்பில் உடற்பயிற்சி நிலையத்தில் பயின்ற ஒரு பெண் தெரிவானார். அவர்மேலும் குறையில்லை. ராத்தாவுக்கு இரண்டு வரியில் ஒரு கடிதம் வந்தது. அடுத்த கிழமை கொழும்பில் அணியின் அறிமுக விழா. அங்கே வாசலில் நின்ற பெரிய பதாகையின் படத்தை ஒரு நண்பன் எனக்கு அனுப்பினான். ஐஸிலிருந்து எழும் ஒரு வெறுங்கை. வெளுத்த இரண்டு விரல்கள். கீழே வீரத்தைப் பற்றி ஒரு வாசகம். அந்த விரல்களுக்காகத்தான் அவரை வேண்டாம் என்றவர்கள், அந்த விரல்களைத்தான் வாசலில் மாட்டினார்கள். இதை நான் செய்தியாக எழுதி அனுப்பினேன். "தோல்விக் கதையெல்லாம் இப்ப வேணாம்" என்றார் ஆசிரியர் பீடத்திலிருந்தவர். விழாவின் செய்தி வந்தது, அந்தப் படத்தோடு.

சாமான்களைத் திரும்பப் பெற மெடம் வான் வண்டியில் வந்தார். கையில் ஒரு பட்டியல். ராத்தா எல்லாவற்றையும் கழுவி, காயவைத்து, மடித்து, பாயில் வரிசையாக அடுக்கியிருந்தார். நான் ஒவ்வொன்றாகத் தமிழில் வாசித்தேன். அங்கி, சப்பாத்து, பட்டி, பை, கண்ணாடி. ஒவ்வொன்றையும் ராத்தா தொட்டுக் காட்டினார்.

"கையுறை?"

"அது தர ஏலா."

மெடம் சங்கடத்தோடு சிரித்தார். இவையெல்லாம் ஒரே தொகுதி, எண்ணிக்கை சரியாக இருக்க வேண்டும் என்றார். வேண்டுமானால் ஞாபகத்துக்கு வேறு ஏதாவது அனுப்புகிறேன் என்றும் சொன்னார்.

"ஞாபகத்துக்கு இல்ல மெடம். டொக்டர் என்ன சொன்னார்? நீங்களும் பக்கத்துலதானே இருந்தீங்க. தம்பி, அவர் சொன்னதத் திருப்பிச் சொல்லு."

சொன்னேன். இந்தக் கை இனிமேல் எந்தக் குளிரிலும் படக் கூடாது.

"ஆ. நாளைக்கு விடிய எனக்கு ஐஸ் போட இரிக்கி."

மெடம் பட்டியலைப் பார்த்தார், ராத்தாவைப் பார்த்தார், வாசலில் நின்ற வாப்பாவைப் பார்த்தார். பேனாவை எடுத்து ஒரு வரியை வெட்டினார்.

மறுநாள் காலை நானும் வாடிக்குப் போனேன். உலகத்தின் உச்சிக்கென்று தைத்த கையுறைகளில் ஒன்று ராத்தாவின் வலது கையில் இருந்தது. மற்றது, வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதமான, இன்னும் விரல் எரிந்து அழும் ஒரு தாயின் இடது கையில் இருந்தது. மற்ற ஏழு பேரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். பெட்டிகள் திறந்தபடி. லொறி ஓடும் இயந்திரத்தோடு காத்து நின்றது.

முதலாளி சாரத்தை மடித்துக் கட்டியபடி ஓடிவந்தார். "என்னடாப்பா இது? கைக்கு உறை போட்டா வேகம் வருமா?"

"இது பழக்கம் இல்ல, காயம் எண்டு டொக்டர் சொல்லிட்டார் முதலாளி" என்றார் ராத்தா. "ஒம்பது பேருக்கும் வேணும்."

முதலாளி லொறியைப் பார்த்தார். குரலைத் தணித்துக்கொண்டார். "சரி சரி, இப்ப பெட்டிய அடுக்குங்க. இன்ஷா அல்லாஹ், நாளைக்கு எல்லாருக்கும் வாங்கித் தாரன்."

சொல்லி முடித்த பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது.

"நாளைக்கு எத்தின மணிக்கு?" என்றார் ராத்தா.

நாளைவரை போகவில்லை. வெயில் ஏறுமுன்பே முதலாளியின் மோட்டார் சைக்கிள் திரும்பி வந்தது. உள்ளே துணி வைத்த தடித்த ரப்பர் கையுறைகள், ஒன்பது சோடி. கற்பிட்டி பஸ் நிலையத்துக்கு எதிரே இருக்கும் இரும்புக் கடையில் வாங்கியது. அந்தக் கடை வாசலில் அவை எப்போதும் கொத்தாகத் தொங்கிக்கொண்டிருக்கும். பதினொரு வருடமும் தொங்கின. நான் தினமும் அவற்றின் கீழே நின்றுதான் பஸ் ஏறினேன்.